எட்டடிக் குரல்

சைனப்பைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தாலே எனக்கு அவளுடைய அண்ணன் நைனா முகமதுவின் மேல் கோபம் வந்துவிடுகிறது. மனிதர் கெட்டவர் இல்லை. காஜிமார் தெருவில் பூட்டுக்கடை வைத்திருந்தார். வேளை தவறாமல் தொழுவார், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். அவர் வாயிலிருந்து வருவதே பாதிக் குரல்தான். ஆனால் அந்தப் பாதிக் குரலில் அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் வீடு மொத்தமும் அதற்குக் கட்டுப்பட்டு நிற்கும். பெண்களின் குரல் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அப்படி அவர் சொல்லிவைத்ததில் ஒன்று. பால் பொங்கி வழிந்தாலும், அடுப்படிக்குள் தேள் வந்தாலும் அந்த வீட்டுப் பெண்கள் கிசுகிசுத்துத்தான் அலற வேண்டும்.

சைனப் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்து, அதைப் போன்ற இன்னொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டு, புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகுட்டி இல்லாமல் அண்ணன் வீட்டு அடுப்படிக்கே திரும்பி வந்தவள். இரண்டு வீட்டிலும் சேர்த்து அவள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. கிசுகிசுப்பாகப் பேசினாலும் அவள் சொல்வது அடுத்தவருக்குத் தெளிவாக விளங்கும். அந்தக் குரல் காலையில் எப்படியோ மாலையிலும் அப்படியே இருக்கும். கோபத்தில் உயராது, களைப்பில் குறையாது.

வைகையின் வடகரையில் அப்போது பெண்களுக்கென்று ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. அதில் காதுக்கு மருந்து பார்த்தவர் ஏலியம்மா என்ற டாக்டர். திருவிதாங்கூர்க்காரர். நைனா முகமதுவின் மனைவிக்குக் காதில் சீழ் வந்தபோது சைனப் துணைக்குப் போனாள். டாக்டரம்மா தள்ளி நின்று மெல்லிய குரலில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவருடைய மலையாள ராகம் காஜிமார் தெருவுக்குப் பிடிபடவில்லை. நோயாளி ஒன்றும் புரியாமல் விழித்தாள். பக்கத்தில் நின்ற சைனப் பொறுக்கமாட்டாமல் அதே வார்த்தையைத் தன் வழக்கப்படி கிசுகிசுத்தாள். டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். அவளை ஓரடி பின்னால் போகச் சொன்னார். இன்னும் ஓரடி. சுவரில் முதுகு இடிக்கும்வரை போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் சைனப் அங்கே ஆயாவாகச் சேர்ந்தாள்.

அண்ணன் எப்படிச் சம்மதித்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? அவருக்கு மறுக்க வழியில்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஆண்வாடை கிடையாது. வேலையோ தாழ்ந்த குரலில் பேசுவது. அவர் வீட்டுச் சட்டத்துக்கே ஒருவர் சம்பளம் கொடுக்க முன்வந்தால் அவர்தான் என்ன சொல்வார்? தினமும் பாலம் தாண்டி நடக்க முடியவில்லை என்று சாக்குச் சொல்லி, கொஞ்ச நாளில் கோரிப்பாளையத்தில் ஓர் அறையும் பிடித்துக்கொண்டாள். கதவுக்குப் பூட்டு அண்ணன் கடையிலிருந்தே வந்தது. ஓர் அடுப்பு, ஒரு பாய், ஒரு பானை. அந்த அறையில் அவள் என்ன பேசினாலும் உஸ் என்று சொல்ல ஆளில்லை. தன் வாழ்நாளில் தனக்கென்று கிடைத்தது அந்த அறை ஒன்றுதான் என்று சைனப் சொல்லுவாள்.

வேலை பார்க்க லேசாகத் தோன்றும். காது அறையின் தரையில் அடிக்கு ஒரு வெள்ளைக்கோடு போட்டிருந்தது. நோயாளி ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார, டாக்டரம்மா விரலை நனைத்து அவளுடைய மறுகாதை அடைத்துக்கொள்வார். சைனப் எட்டடி தள்ளியிருந்த கடைசிக் கோட்டில் நின்று ஆறு வார்த்தை சொல்வாள். தேங்காய், வெண்கலம், பூசணி, சாம்பல், கிணறு, முறுக்கு. கேட்டவள் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்றால் சைனப் ஒரு கோடு முன்னால் வருவாள். எட்டடியில் கேட்டுவிட்டால் காது நல்ல காது. கேட்காதவர்களுக்குப் பிறகுதான் டாக்டரம்மா கவைபோல இரண்டு கால் பிரிந்த எஃகுக் கம்பியை எடுப்பார். அதைத் தட்டி, ரீங்காரம் இடும்போதே அடிக்காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைப்பார். பிறகு காதுக்கு முன்னால் பிடிப்பார். எலும்பில்தான் உரக்கக் கேட்கிறது என்றால் கோளாறு வெளியில். குறும்பி அடைத்திருக்கும், இல்லை சவ்வில் ஓட்டை இருக்கும். அதற்கு மருந்துண்டு. இரண்டிலும் மங்கலாக, காதுக்கு முன்னால் சற்றே தெளிவாகக் கேட்டால் நரம்பு போய்விட்டது. அதற்கு டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, நோயாளியின் தோளைத் தொட்டு, கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்.

நம் பெண்களுக்கு இது வைத்தியமாகப் படவே இல்லை, பரீட்சையாகப் பட்டது. பரீட்சை என்றால் தேற வேண்டும், தேறாதவளுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும். உள்ளே போய்வந்தவள் தாழ்வாரத்தில் இருப்பவளிடம், "மொதல்ல தேங்காய்ம்பாக, அப்பறம் வெங்கலம், நீ பாட்டுக்குச் சொல்லிப்புட்டு வா" என்று சொல்லிக்கொடுப்பாள். சுத்தமாகச் செவிடான கிழவி ஒருத்தி நாற்காலியில் உட்காருமுன்பே ஆறையும் ஒப்பித்துவிட்டு, மருந்தும் வாங்காமல் சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்பினாள். டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றிலிருந்து, காட்டிவிட்டு வந்தவர்கள் பின்வாசல் வழியாகப் போக வேண்டும், காத்திருப்பவர்கள் முற்றத்துக் கோடியில் புங்கமரத்தடியில் உட்கார வேண்டும் என்று ஆயிற்று. கூப்பிட்டால்தான் வரலாம். சைனப்பின் குரல் அந்த மரத்தை எட்ட வழியே இல்லை.

வருஷங்கள் போயின. கிசுகிசுப்பது கத்துவதைவிடத் தொண்டையை அறுக்கும் வேலை. சாயங்காலமானால் சைனப்புக்கு எச்சில் விழுங்க முடியாது. அதே ஆறு வார்த்தை, அதே கோடுகள், முன்னால் ஓரடி, பின்னால் ஓரடி. வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லு என்று டாக்டரம்மா ஆரம்பத்தில் சொல்லியிருந்தார். அலுப்பில் அதெல்லாம் மறந்துபோய், தேங்காயில் தொடங்கி முறுக்கில் முடிகிற ஒரே வரிசை நிலைத்துவிட்டது. உலக யுத்தம் வந்து மருந்துக்கும் பஞ்சுக்கும் தட்டுப்பாடு வந்தபோது டாக்டரம்மாவும் களைத்துப்போய் அதைக் கவனிக்கவில்லை.

அந்த நாளில்தான் சைனப்புக்கு முறைக்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் விடாமல் கொய்னா மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. ஆனால் காதுக்குள் சில்வண்டு புகுந்ததுபோல ஓர் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. அது போகும் போகும் என்று பார்த்தாள். போகவில்லை. மெல்ல மெல்ல மற்ற சத்தங்கள்தான் போயின. முதலில் பாங்கு சொல்லும் சத்தம், பிறகு பக்கத்து வீட்டு உலக்கை.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. காது அறையில் காது கேட்காத ஆயாவுக்கு என்ன வேலை? வேலை போனால் அறை போகும். அறை போனால் அண்ணன் வீட்டு அடுப்படி. நோயாளிகள் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் அவர்களுடைய வாயசைவு தெரியும். அதைப் பார்த்தே சரி, தப்பு என்று தலையாட்டிச் சமாளித்தாள். துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டு வருகிறவர்களிடம்தான் திணறுவாள். அவர்களுக்கெல்லாம் சரி என்றே தலையாட்டினாள். அசதியில் டாக்டரம்மாவும் பதிலுக்குக் காது கொடுக்காமல் அவள் தலையாட்டலையே நம்பினார்.

கேட்காததை மறைக்கத் தெரிந்தவளுக்கு இன்னொன்று தெரியாமல் போயிற்று. தன் குரலைத் தன் காதால் அளக்க முடியாதவர்களுக்கு அது எவ்வளவு உயர்ந்தாலும் தெரியாது. முன்பு எந்த அளவு தன் காதில் விழுந்ததோ அதே அளவு விழட்டும் என்று தொண்டை தானாகவே ஏறிக்கொண்டு போயிற்று. வாசலைத் தாண்டாத குரல் ஜன்னலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவளோ கிசுகிசுப்பதாகவே நினைத்திருந்தாள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால், தினமும் பக்கத்திலேயே இருந்து பழகிய டாக்டரம்மாவுக்கும் அது உறைக்கவில்லை. வருகிற பெண்கள் எல்லாருக்கும் எட்டடியில் கேட்டது.

முற்றம் பெருக்கும் மாயக்காளுக்கு மட்டும் இது தெரியும். ஆனால் அவள் வேறு மாதிரி புரிந்துகொண்டாள். ஏழைப் பொம்பளைகள் தேறிப்போகட்டும் என்று அக்கா இரக்கப்பட்டுச் சத்தமாகச் சொல்கிறது என்று நினைத்து, மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள். பிற்காலத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள்.

அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து செல்லத்தாய் என்ற குடியானவப் பெண், தன் மகள் சோலையைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை வந்துபோயிருந்தாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பது பிராது. சோலை ஆறு வார்த்தையும் சொன்னாள். காதுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். தை கழிந்து மறுபடி வந்தார்கள். இந்த முறை சோலையின் காதிலிருந்து சீழ் வடிந்தது. டாக்டரம்மா தன் கடிகாரத்தை அவள் காதோரம் வைத்தார். அவளுக்கு டிக் டிக் கேட்கவில்லை. கம்பியைத் தட்டி எலும்பில் வைத்ததும் கண்ணை அகல விரித்தாள். சவ்வில் ஓட்டை, வெகுநாளாக இருக்கிற ஓட்டை.

"அப்ப அன்னிக்கே காது கேக்கலையா?" என்றாள் செல்லத்தாய். "நல்ல காதுன்னு சொன்னீகளே தாயி! கேட்டுக்கிட்டே திமிர்ல நிக்கிறாண்டுல்ல நெனச்சேன். கூப்புட்டுத் திரும்பாதப்பல்லாம் புளிய விளாறெடுத்து அடிச்சேன். எம்புட்டு அடி!" மகளின் முதுகுச் சேலையை விலக்கிக் காட்டினாள். சைனப்புக்கு வார்த்தை எதுவும் கேட்கவில்லை. முதுகைப் பார்த்தாள். கேட்காமலே எல்லாம் விளங்கியது. அந்தத் தழும்புகளைத் தடவிக்கொடுக்கக் கை நீட்டினாள், தொட வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா அடுத்த நோயாளியைச் சைனப்பிடம் விட்டுவிட்டுக் கை கழுவ முற்றத்துக் குழாயடிக்குப் போனார். புங்கமரத்தடியில் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "வெங்கலமாம்" என்றாள் ஒருத்தி. "இந்தா, இப்பப் பூசணி" என்றாள் இன்னொருத்தி. உள்ளேயிருந்து ஒவ்வொரு வார்த்தையும் கோயில் பிரசாதம் மாதிரி எல்லாருக்கும் வந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா குழாயை மூடக்கூட மறந்து நின்றார்.

அவர் திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. சைனப்பின் முகத்துக்கு நேராக நின்று, "நாளைக் காலையில் உன் காதை நோக்கணும், சைனபே" என்றார். சைனப் அந்த உதடுகளைப் படித்தாள். சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலிலேயே மாயக்காள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சைனப்பின் கோட்டில் நின்று வார்த்தை சொல்ல அன்றைக்கு மாயக்காளைத்தான் டாக்டரம்மா ஏற்பாடு செய்திருந்தார். அக்காவுக்குக் காது கேட்காது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அக்கா, நான் ஒங்க வரிசையிலயே சொல்றேன். தேங்காயில ஆரம்பிச்சு முறுக்கு வரைக்கும். நீங்க சுவத்தப் பாத்துக்கிட்டு ஒண்ணொண்ணாச் சொல்லிப்புடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்று வாயை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

சைனப் யோசித்தாள். சோலையின் முதுகு அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. ராவெல்லாம் அதுவாகத்தான் இருந்தது. அதோடு அண்ணன் வீட்டு அடுப்படியும் நினைவுக்கு வந்தது. "சரி" என்றாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகப் போக்கிடம் இருக்கிறவர்கள் சொல்லட்டும்.

நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா விரலை நனைத்து அவளுடைய மறுகாதை அடைத்தார். அத்தனை வருஷம் அடுத்தவர்களுக்குச் செய்தது அவளுக்கு நடந்தபோது, அந்த ஈர விரல் இவ்வளவு குளிரும் என்று அவளுக்குத் தெரிந்தது. மாயக்காள் எட்டடிக் கோட்டில் போய் நின்றாள். நின்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாயைத் திறக்கிறாள், குரல் வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சைனப் வழக்கமாக இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு மூச்சு விடுவாள். அந்த மூச்சை விட்டுப் பார்த்தாள். மாயக்காள் சொல்லியிருப்பாள் என்று கணக்குப் போட்டாள்.

"தேங்காய்" என்றாள்.

ஒரு மூச்சு. "வெண்கலம்." ஒரு மூச்சு. "பூசணி." டாக்டரம்மா மாயக்காளைப் பார்த்தார். மாயக்காள் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். யாரும் சொல்லாத வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி, கிணற்றைத் தாண்டி, முறுக்கு வரைக்கும் போய்ச் சேர்ந்தாள் சைனப். இடையில் டாக்டரம்மா நிறுத்தவில்லை. அவருக்கு நிறுத்த மனம் வரவில்லை என்றுதான் மாயக்காள் சொல்வாள்.

முடித்துவிட்டுச் சைனப் திரும்பாமலே, கிசுகிசுப்பதாகவே நினைத்துக்கொண்டு, "எல்லாம் சரிதானே டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"சரிதாம்மா!" என்று புங்கமரத்தடியிலிருந்து பதில் வந்தது. காத்திருந்த பெண்களுக்கு உள்ளே நடந்தது தெரியாது. காதில் விழுந்த கேள்விக்கு நல்ல மனசோடு பதில் சொன்னார்கள். அந்தப் பதிலும் சைனப்புக்குக் கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது மாயக்காள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு கம்பி. எலும்பில் மங்கல், காதுக்கு முன்னால் அதைவிடச் சற்றுத் தெளிவு. இந்தக் கணக்கை யாரும் சைனப்புக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டரம்மா கை கழுவிவிட்டு வந்தார். அவள் தோளைத் தொட்டுக்கொண்டு சும்மா நின்றார். "காய்ச்சலாக இருக்கலாம், கொய்னாவாக இருக்கலாம். நாங்கள் கொடுத்த கொய்னாதான்" என்றார் கடைசியில், அவளுக்கு உதடு தெரியும்படி நின்று. அவள் குரல் இப்போது கிசுகிசுப்பாக இல்லை என்பதையும் சொன்னார்.

"காது போனாப் போகட்டும்மா" என்றாள் சைனப். "அந்தப் புள்ள முதுகுக்கு நான் எந்த மொகத்தோட பதில் சொல்லுவேன்? ஆனா என்னைய எங்கண்ணன் வீட்டுக்கு மட்டும் அனுப்பிராதீக. அங்க என் சத்தத்துக்கு எடமில்ல. இப்ப எனக்குச் சத்தம் கொறைக்கவும் தெரியாது." சொல்லும்போது அழவில்லை. களைப்பில் கண்ணை மூடிக்கொண்டாள். முற்றம் முழுக்க அதைக் கேட்டது.

டாக்டரம்மா மூன்று காரியம் செய்தார். முந்தின மழைக்காலத்திலிருந்து நல்ல காது என்று அனுப்பப்பட்டவர்களை மறுபடி வரச்சொல்லி ஊர் ஊராகத் தண்டோராப் போடச் செய்தார். வந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. மாயக்காளை வெள்ளைக்கோட்டில் நிறுத்தினார். சைனப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றினார். அங்கே நின்றுகொண்டு, புங்கமரத்தடியில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடுகிற வேலை. அடுத்தவள் யார் என்று மாயக்காள் ஜன்னலிலிருந்து வாயை மட்டும் அசைப்பாள். சைனப் அதைப் படித்துக் கூப்பிடுவாள். "அஜ்மல் பீவீ!" என்று அவள் முதல் பெயரைக் கூப்பிட்டபோது மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்பதைக் காக்கைகளைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

செய்தி பாலம் தாண்டிப் போகாமல் இருக்குமா? ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்துவிட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நைனா முகமது ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெண்கள் கூட்டம் என்பதால் தலையைக் குனிந்தபடி தாழ்வாரத்துக்குக் கீழே வந்து நின்றார். தங்கையை நிமிர்ந்து பார்க்காமல், தரையைப் பார்த்து, தன் பாதிக் குரலில் ஏதோ சொன்னார்.

சைனப் குனிந்தாள். "என்னண்ணே?"

மறுபடி சொன்னார். வீட்டுக்கு வா, குடும்பத்து மானம் போகுது, குரலைக் கொற. வாழ்நாள் முழுக்க அந்தக் குரல் காற்றில் வந்தாலே அவளுக்குக் கைகால் கட்டிப்போகும். இன்றைக்கு அவர் தலை குனிந்திருந்ததால் உதடும் தெரியவில்லை.

"எனக்குக் காது கேக்காதுண்ணே. சத்தமாச் சொல்லுங்க" என்றாள். சத்தியமாக அவள் கேலி பண்ணவில்லை.

அவர் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார். அவள் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இன்னும் குனிந்தாள். இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். கடைசியில் அந்த மனிதர், பூட்டுக்கடை நைனா முகமது, கழுத்து நரம்பு புடைக்க, "கொரலைக் கொறைன்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். அந்த முற்றத்தில் அதுவரை யாரும் அப்படிக் கத்தியதில்லை. புங்கமரத்தடி மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"ஏம்ப்பா, பொம்பளைக இருக்கிற எடத்துல இப்புடியா கத்துறது? காது கிழியுதுல்ல" என்றாள் மரத்தடியிலிருந்து செல்லத்தாய். மகளின் காதுக்கு மருந்து போட அன்றைக்கு வந்திருந்தாள்.

நைனா முகமது தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். சைனப்புக்கு அவர் கடைசியாகச் சொன்னதும் பாதிதான் விளங்கியது. அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதையோ கேட்க நினைத்தவள்போல வாயைத் திறந்தாள். ஜன்னலில் மாயக்காளின் உதடு அசைந்தது. சைனப் மரத்தடிப் பக்கம் திரும்பி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கூப்பிட்டாள்.

"சோலை!"

சோலை திரும்பிப் பார்த்தாள்.